பாறைக்குப் பெயர் சொன்னால் பாடம் முடிந்ததா?

கோலார் தங்கவயலுக்கு நிலவியல் மாணவர்களின் களப்பயணப் பேருந்துகள் இன்றும் வந்து போகின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டதால் கீழே இறங்க வழியில்லை. எனவே நந்திதுர்க் சுரங்கப் பகுதியில், துருவேறிய இரும்புச் சட்டங்களுக்கும் சயனைடு மேட்டுக்கும் இடையே எங்கோ ஓர் ஓரத்தில் பேருந்து நிற்கும். வெயிலில் ஊசி ஊசியாக மின்னும் ஒரு கருங்கல்லை ஆசிரியர் கையில் எடுப்பார். "ஹார்ன்பிளெண்டு சிஸ்ட், தார்வார் தொகுதி, ஆர்க்கேயன் காலம்" என்பார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். சுத்தியலால் நாலு துண்டு உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் பெங்களூரு திரும்பிவிடுவார்கள்.

அந்த மூன்று சொற்களில் தவறேதும் இல்லை. ஆனால் அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வழக்காக இருந்தது; ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, பல்லாண்டுகள் நடந்த வழக்கு. தீர்ப்பின் கடைசி வரி மட்டுமே மாணவரின் குறிப்பேட்டுக்கு வந்து சேர்கிறது. வாதமும் சாட்சியமும் நூலகத்தின் அடித்தட்டில் தூங்குகின்றன. இந்தியக் கல்லூரிகளில் பாறையியல் பெரும்பாலும் இப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. கிரானைட் உருமாறினால் நீஸ், பசால்ட் உருமாறினால் சிஸ்ட் என்று பள்ளியில் தொடங்கும் பெயர்ப்பட்டியல், முதுகலையில் இன்னும் நீளமான பெயர்ப்பட்டியலாக வளர்கிறதே தவிர, இன்ன பெயர் ஏன் வந்தது என்ற கேள்வியாக மாறுவதில்லை. அதை மாற்ற வேண்டுமானால் மூல ஆய்வுக்கட்டுரைகளை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே நேர்வழி. அதற்குக் கோலாரைப் போன்ற வாய்ப்பான இடம் தென்னிந்தியாவில் அரிது.

முதலில் ஒரு வேடிக்கை. தலைமுறை தலைமுறையாக நம் கல்லூரிகளில் தீப்பாறைகளைப் பற்றிப் படிக்கப் பயன்பட்ட நூல்களில் ஒன்று ஹாட்ச், வெல்ஸ், வெல்ஸ் ஆகிய மூவரின் பெயரைத் தாங்கியது. அதன் முதல் ஆசிரியரான பிரெடெரிக் ஹாட்ச் ஒரு சுரங்க வல்லுநரும் ஆவார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக அவர் கோலாருக்கு வந்து எழுதிய அறிக்கை, அத்துறையின் நினைவேட்டு வரிசையில் 1901இல் வெளியானது. குவார்ட்சு எப்படி வெட்டப்படுகிறது, தங்கம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை நேரில் பார்த்து எழுதிய நூல் அது. ஹாட்சின் பாடநூலில் வகைப்பாட்டை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, அதே மனிதர் நந்திதுர்க்கையும் சாம்பியன் ரீஃபையும் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது தெரியாது. பாடநூலில் அவர் தீர்ப்பு வழங்குகிறார். அறிக்கையிலோ பார்க்கிறார், அளக்கிறார், விலை போடுகிறார். இரண்டையும் ஒரே வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அறிவு எப்படிப் பாடநூலாக உறைகிறது என்பதை எந்த விரிவுரையும் இல்லாமலேயே மாணவர் உணர்ந்துகொள்வார்.

அக்காலத்தில் மைசூர் நிலவியல் துறைக்குத் தலைமை தாங்கிய ஸ்மீத்தின் எழுத்துகளும் அப்படிப்பட்டவையே. கோலார்ப் பட்டையின் கிழக்கு ஓரத்தில் சாம்பியன் நீஸ் என்று பெயர்பெற்ற பாறை உண்டு. அதனுள் உருண்டையும் கோணலுமான துண்டுகள் பொதிந்த பகுதிகள் உண்டு. ஆற்றுக் கூழாங்கற்கள் படிந்து இறுகியது போன்ற தோற்றம். ஆனால் ஸ்மீத்தின் துறை அதைப் படிவு என்று ஏற்கவில்லை. அழுத்தத்தில் நொறுங்கி உருண்ட தீப்பாறையே அது என்றது. தார்வார் பாறைகள் முழுவதையுமே தீப்பாறை வழிவந்தவையாகக் கண்ட பார்வை அது. பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. இன்றைக்குத் தங்கவயலை அடுத்த பெத்தபள்ளியில் எரிமலைச் சிதறல் பாறைகளும் தலையணை வடிவ எரிமலைக் குழம்புப் பாறைகளும் இருக்கும் இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அறிவித்திருக்கிறது. துண்டுகள் பொதிந்த ஒரு பாறை நொறுங்கியதா, படிந்ததா, வெடித்துச் சிதறியதா? களத்தில் எதைப் பார்த்தால் ஒன்றை ஏற்று மற்ற இரண்டையும் தள்ளலாம்? இந்தக் கேள்வியோடு பெத்தபள்ளியில் இறங்கும் மாணவர், "பைரோகிளாஸ்டிக்" என்று எழுதிக்கொண்டு பேருந்தில் ஏறும் மாணவரைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வெயிலில் நிற்பார். அந்த ஒரு மணி நேரமே பாறையியல்.

பழைய அறிக்கைகள் மொழிக்கும் பழக்கத்துக்கும் நல்லவை; கருவிகள் குறைந்த காலத்தில் கண் எவ்வளவு பார்த்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் கோலாரின் உண்மையான செல்வம் 1980களுக்குப் பின் வந்த கட்டுரைகளில் இருக்கிறது. 1985இல் 'ஜர்னல் ஆஃப் பெட்ராலஜி' இதழில் ராஜாமணி, சிவகுமார், ஹான்சன், ஷைரி ஆகியோர் எழுதிய கட்டுரை இப்பட்டையின் ஆம்பிபோலைட்டுகளை வேதியியல் வழியே ஆராய்ந்தது. மாணவர் கையிலெடுத்த அந்தக் கருங்கல்லின் குடும்பமே ஆம்பிபோலைட். அவற்றுள் ஒரு பகுதி சாதாரண பசால்ட்டை ஒத்தது. இன்னொரு பகுதி மக்னீசியம் மிகுந்த கொமாட்டைட் வகையைச் சார்ந்தது. கொமாட்டைட் என்ற பெயரே 1969இல் தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றிலிருந்து வந்தது. பூமியின் கவசப் பகுதி மிகுந்த வெப்பத்தில், பெருமளவு உருகினால்தான் அத்தகைய குழம்பு பிறக்கும் என்பது பரவலான கருத்தாக இருந்தது. கோலார்க் கட்டுரையோ, குறைந்த விழுக்காடு உருகியும் இது பிறந்திருக்கலாம் என்று வாதிட்டது. அதன் தலைப்பிலேயே அந்த வாதம் இருக்கிறது.

இதை முதுகலை மாணவர் எப்படிப் படிப்பது? தலைப்பையும் சுருக்கத்தையும் மறைத்துவிட்டு, வேதிப்பகுப்பு அட்டவணையை மட்டும் முதலில் கையில் கொடுக்கலாம். சிலிக்கா எவ்வளவு, மக்னீசியம் ஆக்சைடு எவ்வளவு, எந்த இரண்டு மாதிரிகள் ஒன்றுபோல் இருக்கின்றன, எது தனித்து நிற்கிறது? வரைபடத் தாளில் புள்ளி வைத்தாலே இரண்டு கூட்டங்கள் பிரிவது தெரியும். அதன்பின் ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்று திறந்து பார்க்கலாம். நியூயார்க் சிட்டி கல்லூரியில் சாலி ஹாஸ்கின்ஸ் குழுவினர் உயிரியல் மாணவர்களுக்காக உருவாக்கி, 2007இல் 'ஜெனடிக்ஸ்' இதழில் விளக்கிய முறை ஏறக்குறைய இத்தகையதே. முடிவை முன்கூட்டிச் சொல்லாமல் தரவின் வழியே மாணவரை நடத்திச் சென்று, ஒரே ஆய்வகத்தின் அடுத்தடுத்த கட்டுரைகளை வரிசையாகப் படிக்க வைப்பது அது. கோலாரில் அதைவிட நல்ல வசதி இருக்கிறது. இங்கே கட்டுரைகள் ஒன்றையொன்று தொடர்வதோடு நிற்கவில்லை, மோதவும் செய்கின்றன.

1989இல் 'சயின்ஸ்' இதழில் க்ரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜாமணி, ஹான்சன் ஆகியோரின் கட்டுரை வந்தது. பட்டைக்கு மேற்கே உள்ள நீஸ், கிரானைட் பாறைகளின் ஜிர்கான் வயது ஏறத்தாழ 263 கோடி ஆண்டு முதல் 255 கோடி ஆண்டு வரை. கிழக்கே உள்ள கம்பா நீஸின் வயது ஏறத்தாழ 253 கோடி ஆண்டு. (மேற்குப் பாறைகளில் ஒன்றுக்கு 'தோசா நீஸ்' என்று பெயர். வகுப்பில் சிரிப்பு எழும். எழட்டும், அந்தப் பெயர் மட்டும் ஒருபோதும் மறக்காது.) வயதைவிட முக்கியமானது வேறொன்று: மேற்குப் பாறைகளின் ஐசோடோப்புகளில் இன்னும் பழைய மேலோட்டின் சாயல் தெரிகிறது, கிழக்குப் பாறைகளில் அது தெரியவில்லை. ஆக, தனித்தனியே வளர்ந்த இரு நிலத்துண்டுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தன, அவை ஒட்டிய தழும்பே கோலார்ப் பட்டை, இன்றைய நிலத்தட்டு நகர்வு அன்றும் நடந்தது என்பது அவர்களின் முடிவு.

2002இல் 'டெக்டானிக்ஸ்' இதழில் ஷார்டோன், பூக்கா, ஜெயானந்தா, ஷூக்ரூன், ஃபானிங் ஆகியோர் அதே கோலாரைப் பற்றி எழுதினார்கள். பாறைகளின் மடிப்பையும் இழுபட்ட திசைகளையும் களத்தில் அளந்து அவர்கள் கண்ட சித்திரம் வேறு. புதிதாகப் பிறந்த கிரானைட் குழம்பு இலேசானதால் கீழிருந்து குமிழாக எழுகிறது. கனமான பச்சைக்கல் பட்டை குமிழ்களுக்கு இடையே அமிழ்கிறது. அதே வேளையில் நிலப்பரப்பு முழுவதும் பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது. இந்தக் கதைக்கு இரு கண்டங்கள் மோதிய தழும்பு தேவையில்லை.

ஒரே நிலம், பதின்மூன்று ஆண்டு இடைவெளி, இரண்டு கதைகள். இங்கேதான் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். மாணவரைக் குழப்பலாமா, 'எது சரி' என்று கேட்டால் என்ன சொல்வது என்பது அவர்களின் கவலை. அது நியாயமான கவலை. முரண்பட்ட இரு கட்டுரைகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அறிவியலில் எல்லாமே அவரவர் கருத்துதான் என்ற எண்ணத்தோடு மாணவர் வெளியேறக்கூடும். மனப்பாடத்தைவிடக் கெடுதலான விளைவு அது. ஆனால் கட்டுரைகளை ஊன்றிப் படித்தால் நேர்மாறானதே நிகழும். ஆம்பிபோலைட்டுகள் எரிமலைக் குழம்பாகப் பிறந்தவை என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் இங்கே பெருமளவு கிரானைட் குழம்பு எழுந்தது என்பதிலும் இல்லை. பட்டை கிழக்கு மேற்காக நெருக்கப்பட்டது என்பதிலும் இல்லை. சண்டை குறுகிய இடத்தில்தான்: இருபுறப் பாறைகளின் வேறுபாட்டை எதற்குச் சான்றாகக் கொள்வது? ஒருவர் ஜிர்கானையும் ஈயத்தையும் முன்வைக்கிறார், மற்றவர் மடிப்பையும் அமைப்பையும் முன்வைக்கிறார். எவ்வளவு முடிந்துவிட்டது, எவ்வளவு முடியவில்லை என்று கோடு கிழித்துக் காட்டுவதே வகுப்பின் வேலை. பாடநூல் அந்தக் கோட்டைக் காட்டுவதில்லை; அதற்கு இடமும் கிடையாது.

கோலார்ப் பாறையைப் பற்றிய துல்லியமான எண்களில் ஒன்று நிலவியல் இதழில்கூட இல்லை, இயற்பியலாளர்களிடம் இருக்கிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டன. (அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு குழு கண்டது, அதுவும் தங்கச் சுரங்கத்தில்தான்.) தலைக்கு மேலுள்ள பாறை எத்தனை துகள்களைத் தடுக்கும் என்று கணக்கிட அவர்களுக்குப் பாறையின் அடர்த்தி வேண்டியிருந்தது. உலகின் பிற ஆய்வகங்கள் 'பொதுப் பாறை' என்று ஒன்றை வைத்துக்கொண்டு 2.65 என்று கணக்கிடும். அது கிரானைட்டுக்குப் பொருந்தும் எண். இங்கே அது பொருந்தவில்லை. அக்கட்டுரைகளில் 'கோலார் பாறை' என்று தனியே ஒன்று வருகிறது. அதன் அடர்த்தி 3.0ஐச் சற்றே தாண்டும். 2300 மீட்டரை 2.65ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6,100 மீட்டர் தண்ணீருக்கு ஈடு, 3.0ஆல் பெருக்கினால் 6,900. எண்ணூறு மீட்டர் வேறுபாடு! ஹார்ன்பிளெண்டில் இரும்பும் மக்னீசியமும் இருப்பதால் வந்த வேறுபாடு அது. 2002 கட்டுரையில் பச்சைக்கல் பட்டை கிரானைட்டுக்கு நடுவே அமிழ்ந்தது என்ற வாதமும் இந்த வேறுபாட்டின் மேலேயே நிற்கிறது. ஒரு கல்லைத் தராசிலும் தண்ணீரிலும் எடை பார்க்கும் எளிய செய்முறையைச் செய்து, அதே எண் இரு துறைகளின் கட்டுரைகளில் என்ன வேலை செய்கிறது என்று காட்டினால், அந்தச் செய்முறை வகுப்பில் யாருக்கும் கொட்டாவி வராது.

மூலக் கட்டுரைகளைப் படிப்பது கோலாருக்கு இன்னொரு காரணத்தாலும் அவசியமாகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. இப்போது சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது. நந்திதுர்க்கின் கீழ்த்தளங்களிலிருந்து இனி ஒரு மாணவர் ஒரு கைப்பிடிக் கல்லை எடுத்துவர முடியாது. ஆழத்துப் பாறை இனி இருப்பது அருங்காட்சியகப் பெட்டிகளிலும், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மெல்லிய பாறைச் சீவல்களிலும், அவற்றைப் பார்த்தவர்கள் எழுதிய பக்கங்களிலும்தான். பிற இடங்களில் கட்டுரை களத்துக்குத் துணை. நந்திதுர்க்கின் ஆழத்தைப் பொறுத்தவரை கட்டுரைதான் களம்.

அந்தப் பக்கங்களில் ஒரு குறையும் உண்டு, அதையும் மாணவர் பார்க்க வேண்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து இந்தப் பாறையை உடைத்தவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள், பாறையின் குணத்தை உடம்பால் அறிந்திருந்தார்கள். வெட்டிய வெற்றிடத்தைச் சுற்றி அழுத்தம் கூடிப் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதைத் தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். 1904இலேயே ஸ்மீத் அதே சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு துறை வெளியீடு எழுதியிருக்கிறார். சுரங்கத்தின் பேச்சுவழக்கு அறிவியல் வெளியீட்டின் தலைப்புக்கு ஏறிய அரிய இடம் அது. வேதிப்பகுப்பு அட்டவணைகளில் அத்தகைய இடம் தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. உரிகத்திலோ மாரிக்குப்பத்திலோ வளர்ந்து, காலையில் ரயிலேறிப் பெங்களூரில் படிக்கச் செல்லும் பெண்ணுக்கு 'ஏர் பிளாஸ்ட்' தாத்தாவின் கதை. உறுதியான, சட்டென்று முறியும் பாறையில் தகைவு சேர்வதைப் பற்றிய பாடமாக அது வகுப்பறையில் அவளிடம் திரும்பி வந்தால், அந்தப் பாடத்தில் பேச அவளுக்கு எவரையும்விட அதிகம் இருக்கும்.

மொழியைப் பற்றிய தடையும் இந்த இடத்தில்தான் வருகிறது. கட்டுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. அதுவும் இறுக்கமான ஆங்கிலத்தில். அரசுக் கல்லூரி மாணவர் ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மாலை ஆகலாம். உண்மைதான். ஆனால் முழுக் கட்டுரையையும் படிக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஓர் அட்டவணை, ஒரு படம், இரண்டு பத்தி போதும். வாசிப்பது ஆங்கிலமாக இருக்கட்டும், விவாதிப்பது தமிழிலும் கன்னடத்திலும் இருக்கலாம். நான்கு மொழிகள் புழங்கும் தங்கவயலில் அது ஒன்றும் புதுமையல்ல. நீளத்துக்கு அஞ்சுபவர்கள் பிச்சமுத்துவிலிருந்து தொடங்கலாம். கப்பல்துர்காவில் சாம்பல்நிற நீஸ் சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் 1960இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதியது இரண்டே பக்கம். சார்னோக்கைட்டைத் தீப்பாறை என்று கொண்ட ஹாலண்டின் 1900ஆம் ஆண்டு நினைவேட்டை அதன் பக்கத்தில் வைத்தால், பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் பேருந்தில் கடந்துபோகும் சென்னை மாணவருக்குக் கோலார் வரை வரவேண்டிய தேவையே இல்லை.

இப்போது 'கருத்தரங்கு' என்ற பெயரில் நடப்பது இதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான துறைகளில் மாணவர் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை நகலெடுத்துப் பன்னிரண்டு பவர்பாயின்ட் பக்கங்களாக்கி வாசிக்கிறார். ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார். முறை தெரியவில்லை, படம் புரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. அது பாடநூலை மனப்பாடம் செய்வதன் விலையுயர்ந்த வடிவம்.

கட்டுரை கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் ஓரளவு மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் படிக்கலாம். தனியார் கல்லூரிகள் முதற்கட்டத்தில் வெளியே நிற்கின்றன என்பது குறை. உள்ளே இருப்பவர்களுக்கோ, இதழ் இல்லை என்ற பழைய காரணம் இனிச் செல்லாது.

மிச்சமிருப்பது வினாத்தாள். தார்வார்த் தொகுதியின் வகைப்பாட்டை விளக்குக என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கும்வரை, ஊக்கமுள்ள ஆசிரியர் எத்தனை கட்டுரை கொடுத்தாலும் மாணவர் தேர்வுக்கு முந்தைய வாரம் உரைநூல் பக்கமே போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பத்து மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆறு ஆம்பிபோலைட் மாதிரிகளின் வேதிப்பகுப்பை அச்சிட்டு, இவற்றில் எவை ஒரே குழம்பிலிருந்து வந்திருக்கலாம், ஏன் என்று கேட்கலாம். பாடத்திட்டக் குழுக்கள் ஒரே ஒரு தாளில், ஒரே ஒரு பருவத்தில் இதைச் சோதித்துப் பார்க்கட்டும். முதல் ஆண்டில் தேர்ச்சி விழுக்காடு குறையத்தான் செய்யும். குறைந்தது என்று பயந்து மறு ஆண்டே பழைய வினாவுக்குத் திரும்பாதிருக்கும் ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தால், அதன் மாணவர்கள் நந்திதுர்க்கில் பேருந்தைவிட்டு இறங்கும்போது கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.